திறமை இருந்தால் போதுமா, பெரிய எழுத்தாளரின் கையும் வேண்டுமா?

கேள்வி: நன்றாக எழுதக்கூடிய புதியவருக்குப் பெயர் பெற்ற எழுத்தாளரின் உதவி அவசியமா? அது இல்லாமல் மேலே வர முடியாதா?

வர முடியும். பெயர் பெற்ற எழுத்தாளர் அவசியமில்லை. கறாராகப் படித்து, கதை எந்த இடத்தில் படுத்துவிட்டது என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டும் ஓர் ஆள்தான் அவசியம். அந்த ஆள் எழுத்தாளராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் அணிந்துரைக்காக அலைகிறார்கள், மீதிப் பேர் "நமக்கு யாரும் இல்லை சார்" என்று சலித்துக்கொள்கிறார்கள்.

தமிழில் நடந்ததையே பாருங்கள். பூமணியின் 'வெக்கை' 1982இலும், இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' 1994இலும் வந்தன. இரண்டையும் வெளியிட்டது க்ரியா பதிப்பகம். அதை நடத்திய ராமகிருஷ்ணன் நாவலாசிரியராகப் பெயர் எடுத்தவர் அல்ல. பிரதியைச் செம்மைப்படுத்துவதில் பெயர் எடுத்த பதிப்பாளர். இடைசெவலில் கி. ராஜநாராயணனுக்கு வாய்த்தவரோ அதே ஊர்க்காரரும் ஏறக்குறைய சம வயதுக்காரருமான கு. அழகிரிசாமி. அவர் சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்துக் கதைகளால் பேர் வாங்கிய பிறகும் இருவருக்கும் இடையே கடிதங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. முப்பதைத் தாண்டித்தான் கி.ரா. கதைகளை அச்சில் பார்த்தார். அவருக்கு முதலில் கிடைத்தது குரு அல்ல, வாசிப்பு ருசியைப் பகிர்ந்துகொண்ட ஒரு சிநேகிதர்.

மூத்தவர் உண்மையிலேயே தூக்கிவிட்ட கதையும் உண்டு. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். இருபது வயதை ஒட்டிய தருமு சிவராமு திருகோணமலையில் இருந்தபடியே அதில் எழுதினார். பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர் அவர்தான். 'எழுத்து'வில் வந்த புதுக்கவிதைகளைத் தொகுத்து 1962இல் 'புதுக்குரல்கள்' என்று புத்தகமாகவும் செல்லப்பா போட்டார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் யாருக்கும் சிபாரிசுக் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. பக்கத்தைக் கொடுத்தார். நா. முத்துக்குமாரின் 'தூர்' கவிதையைச் சுஜாதா மேடையில் எடுத்துச் சொன்னதும் அந்த வகைதான். கவிதை ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டு நன்றாகவும் இருந்தது. சுஜாதா கொடுத்தது ஒலிபெருக்கியை மட்டுமே.

ஆக, உதவி என்று பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: பிரதியைத் திருத்துவது, பிரசுர இடம் கொடுப்பது, நாலு பேருக்குச் சொல்வது. முதலாவது இல்லாமல் மற்ற இரண்டும் கிடைத்தால் கெடுதல்தான். அரைவேக்காட்டுத் தொகுப்பு ஒரு பெரிய பெயரின் பாராட்டோடு வெளிவந்தால், அதைப் படித்து ஏமாந்த வாசகர் அடுத்த புத்தகத்தைத் தொடவே மாட்டார். அந்தச் சேதாரத்தைச் சரிசெய்ய நாலைந்து ஆண்டுகள் ஆகும்.

கறாரான வாசிப்பு என்றால் எப்படி இருக்கும்? உதாரணத்துக்கு ஒரு பத்தியை உருவாக்கிப் பார்ப்போம்.

"பஸ் ஸ்டாண்டில் அப்பாவை ஏற்றிவிட்டுத் திரும்பினான். அவன் மனம் கனத்தது. அப்பா கொடுத்த பத்து ரூபாய்த் தாள் சட்டைப் பையில் நனைந்திருந்தது. இனி அவரைப் பார்க்கவே முடியாது என்று அவனுக்கு அப்போது தெரியவில்லை."

'அருமை, கண்கலங்க வைத்துவிட்டீர்கள்' என்பவரால் உங்களுக்குப் பைசா பிரயோஜனமில்லை. நல்ல வாசகர் முதலில் "மனம் கனத்தது" என்பதை அடிப்பார். அந்த வேலையை நனைந்த தாளே செய்துவிட்டது. அடுத்து, தாள் எப்படி நனைந்தது, மழையா வியர்வையா என்று கேட்பார். எழுதியவருக்கே தெரியாவிட்டால் அது அலங்காரத்துக்காக வந்த ஈரம். கடைசி வரியில்தான் பெரிய சிக்கல். அதுவரை கதை பையனின் கண்ணோடு போய்க்கொண்டிருக்கிறது, அந்த வரியில் மட்டும் எழுதுபவர் எட்டிப்பார்த்து எதிர்காலத்தைச் சொல்லிவிடுகிறார். ஒன்று, கதை முழுவதையும் பின்னாளிலிருந்து நினைத்துப் பார்ப்பதாக மாற்ற வேண்டும்; இல்லையென்றால் அந்த வரி போக வேண்டும். நாலு வரிக்கு மூன்று குறிப்பு. ஒரு கதையை இப்படிப் படிக்க ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். மூத்த எழுத்தாளர்கள் பலர் பதில் போடாததற்குக் காரணம் திமிர் அல்ல, இந்த ஒன்றரை மணி நேரம்தான்.

வட்டார வழக்கும் இப்படியே. திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒரு பக்கத்தில் "அவுக வந்துட்டாவ" என்று பேசிவிட்டு, அடுத்த பக்கத்தில் "அவங்க வந்துட்டாங்க" என்பாள். எழுதியவர் கண்ணுக்கு இது தட்டுப்படாது, அந்த ஊர்க்காரருக்கு உடனே உறுத்தும். இதற்கு விருது வாங்கிய எழுத்தாளர் எதற்கு? அம்பாசமுத்திரத்திலோ கடையநல்லூரிலோ வளர்ந்த, கதை படிக்கிற ஒருவர் போதும். வெளியூர்க்காரரான மூத்த எழுத்தாளரிடம் கொடுத்தால், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், வழக்கைத் தேய்த்துப் பொதுத்தமிழாக்கி அனுப்பும் ஆபத்தும் இருக்கிறது. குடும்பத்தில் முதல் ஆளாக எழுத வருபவர்கள் இதில் விழிப்பாக இருக்க வேண்டும். அவர்கள் கொண்டுவரும் மூலதனமே அந்தப் பேச்சுதான்.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. கதையை முடித்ததும் யாருக்கும் அனுப்பாமல் இரண்டு வாரம் கிடப்பில் போடுங்கள். பிறகு தாளில் அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடமெல்லாம் வாக்கியம் கோணலாக இருக்கும். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மறைத்துவிட்டு மீண்டும் ஒரு தடவை படியுங்கள். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் இரண்டும் தேவையில்லை. புதியவர்கள் எழுதும் கதைகளில் இது அடிக்கடி நடக்கும். ஒற்றுப்பிழைக்கு 'நீச்சல்காரன்' என்ற புனைபெயர்க்காரர் உருவாக்கிய 'நாவி' என்ற பிழைதிருத்தியும், எழுத்துப்பிழைக்கு அவருடைய 'வாணி'யும் இணையத்தில் கிடைக்கின்றன. அவை காட்டுவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம், பேச்சு வழக்கையும் பிழை என்று காட்டும். ஆனால் 'வந்துக் கொண்டிருந்தான்' வகைப் பிழைகளோடு ஒரு பிரதி எடிட்டர் மேஜைக்குப் போகக் கூடாது. அதைப் பார்த்ததும் அவர் கை அடுத்த பிரதிக்குப் போய்விடும்.

அதன் பிறகு உங்களைப் போலவே எழுதிக்கொண்டிருக்கும் மூன்று அல்லது நான்கு பேர். இதைவிடக் கூடினால் அது கூட்டம், வேலை நடக்காது. மாதம் ஒரு கதை, கதையை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும், எழுதியவர் அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. 'நான் என்ன சொல்ல வந்தேன்னா' என்று தொடங்கினால் அந்த விளக்கம் கதைக்குள் இல்லை என்று பொருள். வாட்ஸ்அப் குழுவில் இது ஓடாது. அங்கே கைதட்டல் பொம்மைகள்தான் வரும்.

இந்தக் கட்டத்தைத் தாண்டியதும் பத்திரிகைகள். அச்சில் காலச்சுவடு, உயிர்மை, கணையாழி போன்றவையும், இணையத்தில் சொல்வனம், வல்லினம், கனலி, அரூ போன்றவையும் புதியவர்களின் கதைகளை வெளியிட்டு வந்திருக்கின்றன. அனுப்புவதற்கு முன் அந்த இதழின் கடைசி மூன்று இதழ்களையாவது படியுங்கள். யூனிகோடில், வேர்ட் கோப்பாக, ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், மேற்கோள் குறி வேறு எழுத்தாகிவிடும். அதை உட்கார்ந்து சரிபார்க்க எந்த எடிட்டருக்கும் நேரமில்லை. இரண்டு மூன்று மாதம் பதில் வராமல் இருப்பது சகஜம். அதன்பின் 'திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். சொல்லாமல் இரண்டு இடத்துக்கு அனுப்பி, இரண்டிலும் ஒரே மாதத்தில் வந்துவிட்டால் இரண்டு கதவும் அடைபடும்.

ஐந்தாறு கதைகள் இப்படி வெளிவந்த பிறகு மூத்த எழுத்தாளரை அணுகினால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும். அப்போதும் 400 பக்க நாவலைப் பிடிஎஃப்பாகத் தட்டிவிட்டு "படித்துக் கருத்துக் கூறவும்" என்று எழுதாதீர்கள். ஒரு கதை, அதிகபட்சம் 2,000 சொல், ஒரே ஒரு கேள்வி. கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"வணக்கம் ஐயா. உங்கள் கதைகளில் பார்வை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும் இடங்களைக் கவனித்துப் படித்து வருகிறேன். இத்துடன் 1,800 சொல்லில் ஒரு கதை. நடுவில் மாமியாரின் பார்வையிலிருந்து மருமகளின் பார்வைக்கு மாறுகிறது. அந்த இடத்தில் வாசிப்பவர் தடுக்கி விழுகிறாரா என்று மட்டும் சொன்னால் போதும். நேரமில்லையென்றால் பதில் எழுத வேண்டியதில்லை."

கேள்வி குறுகலாக இருந்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும். ஆறு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போடலாம். இரண்டாவது நினைவூட்டல் தொல்லை.

பதில் வந்தால் எல்லாவற்றையும் அப்படியே திருத்திவிடாதீர்கள். 'இங்கே சலிப்பாக இருக்கிறது', 'இவன் ஏன் இதைச் செய்கிறான் என்று புரியவில்லை' என்பவை வாசகரின் அனுபவம், அவற்றோடு வாதாட முடியாது. 'நானாக இருந்தால் இந்தப் பெண்ணைச் சாகடித்திருப்பேன்' என்பது அவருடைய கதை, உங்களுடையதல்ல. கோளாறு இருக்கும் இடத்தைச் சுட்டுவதில் மூத்தவர்கள் பெரும்பாலும் சரியாக இருப்பார்கள். மருந்து சொல்லும்போதுதான் தங்கள் கைப்பக்குவத்தை ஊற்றிவிடுவார்கள்.

ஒருவரிடமே பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பதன் உண்மையான ஆபத்தும் அங்கேதான் வருகிறது. முதலில் அவருடைய பிடித்தமான சொற்கள் ஒட்டும், பிறகு வாக்கியத்தை முடிக்கும் தினுசு, பிறகு கதையை எங்கே நிறுத்துவது என்பதும் அவருடையதாகிவிடும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. உங்கள் கதையில் ஒரு பக்கம், அவருடையதில் ஒரு பக்கம், பெயரில்லாமல் நண்பரிடம் கொடுத்து எது யாருடையது என்று கேளுங்கள். அவர் திணறினால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த ஆசானைப் படிக்காதீர்கள், பேசவும் வேண்டாம். இன்னொன்று, தமிழில் முகாம்கள் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். ஒருவருடைய சீடர் என்று முத்திரை விழுந்தால் எதிர் முகாம் உங்கள் புத்தகத்தைத் திறக்காமலேயே மதிப்புரை எழுதும், அல்லது எழுதாமலேயே இருந்துவிடும்.

அணிந்துரை பற்றியும் கேட்பார்கள். முதல் தொகுப்புக்கு அது தேவையில்லை என்பதே என் கட்சி. பன்னிரண்டு கதை, சுமார் 24,000 சொல் என்றால் டெமி என்னும் புத்தக அளவில் 110 பக்கத்தை ஒட்டி வரும். அதில் ஆறு பக்கம் இன்னொருவர் கதைச் சுருக்கம் சொல்லி முடிவுகளையும் போட்டு உடைத்தால் வாசகருக்கு என்ன மிச்சம்? அணிந்துரைக்குக் காத்திருந்து ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியைத் தவறவிட்ட புத்தகங்கள் ஏராளம். பின்னட்டைக்கு இரண்டு வரி வாங்கினால் போதும், அதுவும் அவர் உண்மையிலேயே படித்திருந்தால்.

அனுபவஸ்தரின் உதவி கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்லும் இடம் ஒன்று உண்டு. யாரும் அங்கே கேட்பதில்லை. பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தம். முதல் புத்தகம் வரும் சந்தோஷத்தில் வாய்வார்த்தையோடு விட்டுவிடுகிறார்கள், அல்லது நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்தியக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் பொருள். 'அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே, காப்புரிமைக் காலம் முழுவதும்' என்ற வரி இருந்தால் நிறுத்திக் கேளுங்கள்; அந்தக் காலம் உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும். மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், திரைப்பட உரிமைகள் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா, ராயல்டி அட்டை விலையில் எத்தனை சதவீதம், கணக்கு எந்த மாதம் வரும், 'இத்தனை பிரதிகளை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்' என்று எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் புத்தகம் போட்ட ஒருவர் இந்தத் தாளைக் கால் மணி நேரத்தில் படித்து எங்கே கோடு போட வேண்டும் என்று சொல்லிவிடுவார். கதையைப் படிக்க நேரமில்லை என்று சொன்னவர்கூட இதற்குப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.