எந்தக் கடனை முதலில் அடைப்பது?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் நடத்திய சிறிய தறிப்பட்டறை நின்றுபோன பிறகு இருவரும் சம்பளத்துக்குப் போகிறார்கள். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 39,000 ரூபாய். கணவர் பெயரில் வங்கியின் தனிநபர் கடன் 4,80,000 இருக்கிறது, அதன் மாதத் தவணை 14,200. இரண்டு கிரெடிட் கார்டுகளில் 2,10,000 நிற்கிறது. பத்துப் பவுன் நகையின் பேரில் வங்கியில் 3,20,000 வாங்கியிருக்கிறார்கள், கெடு முடிய இன்னும் ஏழு வாரம். மகளிர் குழுக்கடனில் மீதி 45,000, மாதக் கணக்கில் 3,600 போகிறது. இவை போக, கணவருக்குத் தெரியாமல் ஊர்க்காரர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு இரண்டு இலட்சம் வாங்கி, அதற்குப் புரோநோட்டும், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்குகளும் கொடுத்திருக்கிறார். போன் அடித்தாலே கை நடுங்குகிறது, இரவில் தூக்கம் வருவதில்லை என்கிறார். எதை முதலில் கட்டுவது, போலீஸ் வீட்டுக்கு வருமா, எல்லாக் கடனையும் பாதித் தொகையில் முடித்துத் தருவதாகச் சொல்லி 40,000 ரூபாய் முன்பணம் கேட்கும் நிறுவனத்திடம் போகலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போகாதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நிறுவனங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது.

உங்கள் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். தனிநபர் கடன் தவணை 14,200, கார்டுகளுக்கு மினிமம் டியூ என்ற பெயரில் 10,500, குழுவுக்கு 3,600, ஊர்க்காரருக்கு வட்டி 6,000, ஆக மொத்தம் 34,300. மிஞ்சும் 4,700 ரூபாயில் வாடகை கூடக் கொடுக்க முடியாது. ஆகவேதான் மளிகையும் பால் காசும் மறுபடி கார்டுக்கே போகின்றன. நீங்கள் எழுதியுள்ள வீட்டுச் செலவு வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாம் சேர்த்து 19,000. அதைக் குறைக்கச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை, அதில் குறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே கடனுக்கு என்று உங்களால் உண்மையாக ஒதுக்க முடிந்தது மாதம் 20,000 மட்டுமே. நீங்கள் எவ்வளவுதான் கவலைப்பட்டாலும் இந்த 20,000 ரூபாய்க்குள் 34,300 அடங்காது என்பதை நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சேர்ந்து என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்த இரண்டு இலட்சத்தை அவரிடம் சொல்லாமல் நான் கீழே எழுதப்போகும் எதையும் செய்ய முடியாது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது, பன்னிரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மொத்தக் கடனைவிட இந்த ஒன்றை மறைத்து வைத்திருப்பதுதான் உங்கள் தூக்கத்தை அதிகம் கெடுக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஊர்க்காரர் வாயால் அவர் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் தெரிந்துகொள்வது நல்லது.

கடன்பட்ட குடும்பங்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுப்பது. கார்டு வசூல் முகவர் நாளைக்கு எட்டு முறை அழைக்கிறார், அதனால் அவருக்குப் போகிறது. நகைக்கடன் கொடுத்த வங்கி ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிறது, அதனால் அது மறந்துபோகிறது. ஆனால் கார்டு வசூல் முகவரால் உங்கள் வீட்டிலிருந்து ஒரு தட்டைக் கூட எடுத்துப் போக முடியாது. சத்தமில்லாமல் இருக்கும் வங்கியோ கெடு தாண்டினால் நோட்டீஸ் அனுப்பிப் பத்துப் பவுனை ஏலம் விட்டுவிடும். ஒவ்வொரு கடனும் உங்களிடமிருந்து எதை எடுக்க முடியும், மாதம் எவ்வளவு தின்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் வரிசை போட வேண்டும்.

அப்படிப் பார்த்தால் நகை முதலில் வருகிறது, அதை அடைப்பதற்கு மட்டுமல்ல. நீங்கள் அடகு வைத்த நாளைவிட இன்று தங்கத்தின் விலை கூடியிருப்பதால், அந்தப் பத்துப் பவுனின் மதிப்பு 3,20,000 கடனையும் அதன் ஓராண்டு வட்டியையும் கழித்த பின்னும் கணிசமாக மிஞ்சும். அந்த நகையை மீட்டு, தேவையான அளவை நீங்களே விற்று, மிஞ்சும் பணத்தில் முதலில் மூன்று வட்டிக் கடனையும் அடுத்து கார்டுகளையும் ஒரேயடியாக முடித்துவிடுங்கள். மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு. கார்டு அதற்குக் குறைந்ததல்ல: ஒரு இலட்சம் நிலுவைக்கு மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி என்றால் 3,500, அதன் மேல் ஜிஎஸ்டி 630, நீங்கள் மினிமமாக 5,000 கட்டினால் அசலில் குறைவது வெறும் 870 ரூபாய். இந்த இரண்டும் போய்விட்டால் மாதம் 16,500 நின்றுவிடும். மீதமிருக்கும் தனிநபர் கடனும் குழுக்கடனும் சேர்ந்து 17,800, அது உங்கள் 20,000 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. எத்தனை பவுன் விற்க வேண்டும் என்பதை அன்றைய விலைதான் சொல்லும். கார்டுக்குப் பணம் போதாவிட்டால் மீதியைத் தவணையாக மாற்றித் தரும்படி அந்த வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

விற்க மனமில்லாமல், விலை கூடியிருப்பதைக் காட்டி அதே நகைக்குக் கூடுதல் தொகை வாங்கி மற்ற கடன்களை அடைக்கலாமே என்று கேட்பீர்கள். வட்டிக் கணக்கில் அது சரிதான். ஆனால் அடுத்த ஆண்டு இதே மாதத்தில் இதைவிடப் பெரிய தொகைக்கு இதே ஏழு வாரக் கவலை திரும்ப வரும். அந்தக் கெடுவுக்குள் வருமானம் கூடும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவர்களுக்கு மட்டும் அந்த வழி.

நகையை மீட்கக் கையில் காசில்லாதவர்களைச் சுற்றி ஒரு தனித் தொழிலே நடக்கிறது. வங்கி வாசலில் நின்று ஒரு நாள் வட்டிக்குப் பணம் கொடுப்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். காலையில் பணத்தைக் கட்டி, மத்தியானம் அதே நகையை அதே கவுண்டரில் திருப்பி வைத்து, மாலையில் அவருக்கு வட்டியோடு கொடுக்கும் இந்தச் சடங்கை வங்கிகளின் விதிமுறைகளே வளர்த்துவிட்டன என்பதைப் பல ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் வெட்கத்தோடு சொல்கிறேன். இன்னொரு வகையினர், அடகு நகையை மீட்டு இன்றைய விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சுவரொட்டி ஒட்டுபவர்கள். அவர்களிடம் அடகு ரசீதையோ கையெழுத்திட்ட வெற்றுத்தாளையோ கொடுக்கவே கொடுக்காதீர்கள். நகை வாங்க விரும்புகிறவர் உங்களோடு வங்கிக்கு வரட்டும். பணம் அவர் கணக்கிலிருந்து நேராக உங்கள் நகைக்கடன் கணக்கில் ஏறட்டும். நகை உங்கள் கைக்கு வந்து, உங்கள் கண் முன்னால் எடை போடப்படட்டும். கல், அழுக்கு, உருக்குக் கழிவு என்று எவ்வளவு கழிப்பார் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், குறைந்தது இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். பகுதிப் பணம் கட்டினால் சில உருப்படிகளை மட்டும் விடுவிக்க முடியுமா என்று உங்கள் கிளையில் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் முடியும்.

இப்போது அந்த 40,000 ரூபாய் நிறுவனத்துக்கு வருகிறேன். இவர்கள் முதலில் சொல்வது, எல்லாத் தவணைகளையும் நிறுத்துங்கள், இனி வங்கியிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்பது. சென்ற ஆண்டு என்னிடம் ஒரு நடுவயதுக்காரர் நீல நிறக் கோப்போடு வந்தார். பதினொரு மாதம் இப்படி ஒரு நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டியிருந்தார். கோப்பில் இருந்தவை அந்த நிறுவனத்தின் தாளில் அச்சடித்த, ஒரே வாசகம் கொண்ட ஆறு கடிதங்கள். வங்கியிலிருந்து ஒரு பதில் கூட இல்லை. அந்தப் பதினொரு மாதத்தில் கடன் வாராக்கடனாகி, அபராதமும் வட்டியும் ஏறி, வழக்கறிஞர் நோட்டீசும் வந்துவிட்டது. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன் பின் ஒரே தவணையில் குறைத்து முடித்துக்கொள்ளும் பேச்சை வங்கி உங்களிடம் நேரடியாகவே நடத்தும், அதற்கு இடையில் ஓர் ஆள் தேவையில்லை. எப்போதாவது அப்படி முடித்தால், வங்கியின் கடிதம் கைக்கு வருவதற்கு முன் ஒரு ரூபாய் கட்டாதீர்கள், கட்டுவதையும் கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது முழுதாக அடைத்த கடன் என்று வராது, குறைத்து முடித்தது என்றுதான் வரும். உங்களுக்கு அந்த நிலையே வரவில்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

ஐ.பி. என்ற திவால் மனு கொடுத்துவிடலாம், மஞ்சள் கடுதாசி போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். 1920ஆம் ஆண்டின் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் நம் ஊரில் இன்னும் இது நடக்கிறது. ஏழைக் கடனாளிக்குப் புதுத் தொடக்கம் தருவதாக 2016இல் நாடாளுமன்றம் திவால் சட்டத்தில் ஓர் அத்தியாயம் எழுதியது. ஆண்டு வருமானம் 60,000க்கும் மொத்தக் கடன் 35,000க்கும் மிகாதவருக்குத்தான் அது என்று வரம்பும் வைத்தது. அந்த வரம்போடு கூட அதை நடைமுறைக்குக் கொண்டுவர அரசுக்கு இத்தனை ஆண்டுகளாக நேரம் கிடைக்கவில்லை.

போலீஸ் வருமா என்ற கேள்விக்குப் பதில், கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல, வராது என்பதே. ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது உங்கள் விஷயத்தில் இருப்பதால் பொறுமையாகப் படியுங்கள். பணமில்லாமல் செக் திரும்பினால், கடன் கொடுத்தவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பி, அது கைக்கு வந்து 15 நாளுக்குள் நீங்கள் கட்டாவிட்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போடலாம்; தண்டனை இரண்டாண்டு வரை போகலாம். வெற்றுச் செக்கில் நான் தொகை எழுதவில்லையே என்பது எடுபடாது. கையெழுத்து உங்களுடையது என்றால், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டதல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மேல் விழும் என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வங்கியில் சொல்லிச் செக்கை நிறுத்திவைப்பதாலோ கணக்கை மூடுவதாலோ தப்பிக்க முடியாது. இதே தண்டனை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினாலும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. தவணையை நிறுத்தச் சொல்லும் நிறுவனங்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆகவே ஊர்க்காரருக்கு அசலைத் தரும்போது ஒரு கையில் பணம், மறு கையில் புரோநோட்டும் இரண்டு செக்குகளும் என்று இருக்க வேண்டும்; நாளைக்குத் தேடித் தருகிறேன் என்றால் பணத்தோடு திரும்பி வந்துவிடுங்கள். அதுவரை வட்டியை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

அவர் மிரட்டினால், கந்து வட்டிக்கு எதிரான 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறையும் 30,000 வரை அபராதமும் உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவும் கொடுக்கலாம், ஆனால் கிடைக்கும் ரசீதை நம்பி அதோடு இருந்துவிடாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. நோட்டீஸ் எதுவும் வந்தால் அதே வாரம் அங்கே போங்கள்.

இனி அந்தப் போன். வசூலுக்காகக் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மீறினால் முதலில் கடன் கொடுத்தவருக்கே எழுத வேண்டும், 30 நாள் பொறுக்க வேண்டும், அதன் பிறகுதான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மன். இன்றிரவு தூங்க முடியாதவருக்கு 30 நாள் என்று விதி எழுதியவர்கள் ஒரு நாளாவது அந்த அழைப்பை எடுத்திருப்பார்களா என்று தெரியவில்லை. நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, தினமும் அரை மணி நேரம் மட்டும் ஒதுக்கி, அந்த நேரத்தில் நீங்களே அவர்களை அழைத்து, பேசியவர் பெயர், நேரம், சொன்னது மூன்றையும் எழுதுங்கள். எந்தத் தேதியும் வாக்காகக் கொடுக்காதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மற்ற நேரத்தில் அந்த எண்களுக்கு மணி ஒலிக்காமல் வையுங்கள். மணி அடிக்கும்போதெல்லாம் பயந்து 2,000, 3,000 என்று சிதறும் பணமும் இதனால் நிற்கும். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே, இரவிலும் பேசலாம். அது என் துறையல்ல. ஆனால் அங்கே பேசிவிட்டு வந்தவர்களோடு கணக்குப் போடுவது எளிதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் இரண்டு காரியம் போதும். அடகு ரசீதோடு கிளைக்குப் போய், இன்று கணக்கை முடித்தால் மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பழைய செக் புத்தகத்தின் அடிக்கட்டையைத் தேடி எடுத்து, ஊர்க்காரரிடம் இருக்கும் இரண்டு செக்குகளின் எண்களையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துவையுங்கள்.