‘ஓகே பா’ யாருக்கு?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஓஎம்ஆரில் ஓர் ஐடி கம்பெனியில் இருக்கிறாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அவள் போனில் பேசுவது காதில் விழும். “நோ பா, ஐ கால்ட் சும்மா ஒன்லி.” “தி ஆட்டோ அண்ணாஸ் ஆர் ஆல் ஆஸ்கிங் எக்ஸ்ட்ரா டா.” இரண்டு மொழியையும் சேர்த்துக் கெடுக்கிறார்களே?

– ஒரு வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

கெடுவதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் ‘சும்மா’வை எடுத்துவிட்டு ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘ஃபார் நோ ரீசன்’ என்றால் போலீஸ் விசாரணையில் சொல்கிற பதில் மாதிரி இருக்கிறது. கூடவே வரும் ‘ஒன்லி’ ஆங்கிலம்தான், ஆனால் அது பார்ப்பது நம் ‘தான்’ பார்க்கிற வேலையை. ‘நேற்றுத்தான் சொன்னேன்’ என்பதே ‘யெஸ்டர்டே ஒன்லி ஐ டோல்ட்’. (இந்திக்காரர்களும் தங்கள் ‘ஹீ’யை இப்படித்தான் ஆங்கிலமாக்குகிறார்கள். பழி நமக்கு மட்டும் வேண்டாம்.)

தமிழ்ப் பெயர்ச்சொற்கள் ஆங்கிலத்துக்குப் போனது பழைய கதை. கட்டுமரம் 1697-லேயே ஆங்கிலேயக் கடலோடி டாம்பியரின் பயண நூலில் ஏறிவிட்டது. சுருட்டும் மிளகுத்தண்ணியும் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கென்றே 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இருக்கின்றன. பொருள் கப்பலேறியது, பெயரும் கூடவே போனது, அவ்வளவுதான்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது டா, பா, மா. ஆங்கில ‘யூ’வில் நீயும் ஒன்றுதான், நீங்களும் ஒன்றுதான். நமக்கோ எதிரே இருப்பவர் யார் என்று தெரியாமல் வாய் வராது. அதனால் ஓகே டா, ஓகே மா, ஓகேங்க. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மீட்டிங்கில் மேனேஜரிடம் வாய் தவறி “யெஸ் டா” என்றுவிட்டான். ஒரு நொடி யாரும் மூச்சு விடவில்லை. இத்தனைக்கும் கூட்டம் முழுக்க ஆங்கிலத்தில்தான் நடந்தது. அவன் ‘யெஸ்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்த ‘அண்ணாஸ்’. நாம் ‘அட்ஜஸ்ட்’டை வாங்கி, பக்கத்தில் ‘பண்ணு’வைப் போட்டு வேலை வாங்குகிறோமே, அதே கதைதான் திரும்பி நடக்கிறது. அண்ணன் ஆங்கிலத்துக்குப் போனால் அந்த ஊர் வழக்கப்படி வாலில் ஒரு ‘ஸ்’. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2017-இல் அண்ணாவைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் அதே ஆங்கில எழுத்துகளோடு (anna) அங்கே உட்கார்ந்திருந்தது பதினாறு சேர்ந்தால் ஒரு ரூபாயாகும் பழைய அணா!

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மகள் உங்களிடம் ‘ஓகே பா’ என்றால், அது அப்பாவின் ‘பா’வா, தோழியிடம் சொல்கிற ‘பா’வா? என் மகன் சொல்லும்போது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.