ட்ரேஸில் ஒன்றும் விழவில்லையா?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் ஒரு கான்ஃபிக் ஃபைலை எந்த புரோகிராம் திறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிபிஎஃப்-ட்ரேஸில் (லினக்ஸின் மையமான கர்னலுக்குள் நடப்பதைக் கவனிக்கும் கருவி), ஓப்பன்-அட் சிஸ்டம் காலின் (ஃபைலைத் திறக்கச் சொல்லி புரோகிராம் கர்னலிடம் வைக்கும் கோரிக்கை) நுழைவில் அந்த ஃபைலின் முழுப் பாதையை ஃபில்டராகப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். எரர் இல்லை, ஒரு வரியும் விழவில்லை. நானே, ஃபைலைத் திறந்து காட்டும் 'கேட்' கமாண்டில் திறந்தபோது மட்டும் விழுந்தது. யாரும் திறக்கவில்லை என்று ரிப்போர்ட் எழுதிவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: எழுதாதீர்கள். கேட் சோதனை நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே அதுவே உங்களை ஏமாற்றியிருக்கலாம். கேட்டுக்கு நீங்கள் கொடுத்த பெயர் அதன் ஸ்டாக்கில், மெமரியில் தயாராக இருக்கிறது. நீங்கள் தேடும் புரோகிராமிலோ, பெயர் பைனரிக்குள் கிடக்கும் ஸ்ட்ரிங்காக இருக்கலாம். அந்த ஸ்ட்ரிங் இருக்கும் பேஜை (மெமரியின் ஒரு துண்டு) யாரும் இன்னும் தொடவில்லை என்றால், பேஜ் ஃபால்ட் ஆகித்தான் (கர்னல் தலையிட்டுக் கொண்டுவந்துதான்) அது வர வேண்டும். அதுவரை காத்திருக்க, கர்னலுக்குள் ஓடும் உங்கள் பிபிஎஃப் நிரலுக்கு அனுமதி இல்லை. படிப்பது தோற்கும், வெற்று ஸ்ட்ரிங் கைக்கு வரும், ஃபில்டர் அதை வேறு ஃபைல் என்று தள்ளிவிடும். பெரும்பாலும் ஓர் எச்சரிக்கைகூட வராது. எனக்கு இதில் உள்ள எரிச்சலே அதுதான்.

இன்னும் சந்துகள் உண்டு. லினக்ஸ் 5.6-இல் வந்த ஓப்பன்-அட்-2, ஐஓ-யூரிங் (வேலைகளை வரிசையில் போட்டுக் கர்னலிடம் கொடுக்கும் முறை) வழியாகத் திறப்பது, 32 பிட் புரோகிராம்கள் எதுவும் உங்கள் ட்ரேஸ்பாயின்ட்டை (நீங்கள் கவனிக்கும் அந்த நுழைவை) தொடாது.

அதனால் ஒரு படி உள்ளே போய், கர்னலின் 'டூ-ஃபில்ப்-ஓப்பன்' ஃபங்ஷனில் கே-புரோப் (கர்னல் ஃபங்ஷனில் வைக்கும் கண்காணிப்பு) வையுங்கள். இந்த வழிகள் எல்லாம் அங்கே வந்து சேரும். பெயரும் அதற்குள் கர்னல் மெமரிக்கு வந்திருக்கும். கண்ணில் படுகிற ஏதோ ஒரு ஃபங்ஷனில் மட்டும் வைத்துவிடாதீர்கள். கம்பைலர் அதை இன்லைன் செய்திருந்தால் (அழைக்கும் இடத்திலேயே பதித்திருந்தால்), கால்-சிம்ஸ் என்ற கர்னல் பெயர்ப் பட்டியலில் பெயர் இருக்கலாம், புரோப் ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் அப்படிப் பதித்த இடங்களிலிருந்து யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

அப்புறம், முழுப் பாதையை ஒப்பிடாதீர்கள். ரிலேட்டிவ் பாதையில் (தான் இருக்கும் டைரக்டரியிலிருந்து தொடங்கும் பாதையில்) திறந்தால் பொருந்தாது. கடைசிப் பெயரை மட்டும் பாருங்கள். ட்ரேஸ் முடிவுகள் காத்திருக்கும் பஃபர் நிரம்பினால் 'லாஸ்ட்' என்று எண்ணோடு ஒரு வரி எரர் அவுட்புட்டில் வரும். இரவு ஓட்டத்தில் அதை டெவ்-நல்லுக்கு (வருவதையெல்லாம் விழுங்கிவிடும் இடம்) அனுப்பியிருந்தால், எத்தனை பதிவுகள் போயின என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை.

இதற்கெல்லாம் முன்னால் எல்எஸ்ஓஎஃப் (இப்போது திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் கமாண்ட்) ஓட்டிப் பாருங்கள். ஏதாவது சர்வீஸ் பூட் ஆனபோதே ஃபைலைத் திறந்து, இன்னும் மூடாமல் வைத்திருக்கலாம்.