வீடு உள்ள நாவலும் வீடு இல்லாத நாவலும்

அன்புள்ள ஐயா,

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். படிப்பதெல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான். பிடித்த நாவல் எது என்று கேட்டால் மோகமுள், புத்தம் வீடு, தண்ணீர் மூன்றையும் யோசிக்காமல் சொல்வேன். பொன்னியின் செல்வனை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னதும், "பினாங்கில் இருந்துகொண்டு ப. சிங்காரம் படிக்காமல் என்ன வாசிப்பு?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அவருடைய புயலிலே ஒரு தோணி நாவலை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். யார் பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. நம் மலேசியத் தமிழ் நாவல்களிலும் மனம் ஒட்டவில்லை. அதே தோட்டம், அதே கங்காணி, அதே கள்ளுக்கடை. என் ரசனையில்தான் கோளாறா?

ஒரு வாசகி, பினாங்கு

*

அன்புத் தங்கைக்கு,

புத்தம் வீடு பிடித்த ஒருவரின் ரசனையைச் சந்தேகப்பட எனக்குத் தைரியம் கிடையாது. 1964இல் வந்த சின்னப் புத்தகம். லிஸியின் படிப்பை நிறுத்தி வீட்டோடு வைக்கிற இடத்தில் ஹெப்சிபா ஜேசுதாசன் குரலை உயர்த்துவதே இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கே இரண்டு பக்கம் புலம்பல் இருந்திருக்கும். உங்களைக் கேள்வி கேட்டவர் அந்த நாவலைப் படித்திருக்கிறாரா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

பொன்னியின் செல்வனைத் தனியே வைத்துவிடுகிறேன். அது எல்லோர் பட்டியலிலும் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யமுனா, லிஸி, ஜமுனா. மூன்று பெண்கள், மூன்று வீடுகள். தண்ணீர் நாவலில் சென்னை நகரமே குழாயடியில் அடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பஞ்சம் நமக்குள் இறங்குவது ஜமுனா குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதில்தான். டீச்சரம்மா தன் கதையைச் சொல்லும் இடமும் அப்படித்தான். வீட்டு நிலைப்படியில் நின்று ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கும். நீங்கள் ஒரு நாவலுக்குள் வீட்டு வாசல் வழியாக நுழைகிற வாசகி.

சிங்காரத்திடம் அந்த வாசல் இல்லை. அவருடைய ஆட்களுக்கு வீடே கிடையாது. லெபோ பினாங்கு பக்கம் சனிக்கிழமை சாமான் வாங்கப் போவீர்களே, பாட்டுச் சத்தத்தில் காது அடைக்கும் அந்தத் தெருவில் இருக்கிற பழைய கிட்டங்கிகளை ஒருமுறை நின்று பாருங்கள். நீளமான ஒரே கூடம். வட்டிக்கடைக்காரர்கள் ஆளுக்கொரு கைப்பெட்டியும் அலமாரியும் போட்டு அதில் தொழில் நடத்தினார்கள். பகலில் எந்தப் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதினார்களோ, இரவில் அதற்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தார்கள். கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் எல்லோரும் ஆண்கள். மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்குக் கப்பல். பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் அக்கரையில். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். 1941 டிசம்பரில் இந்த ஊரில் குண்டு விழுந்தது. சண்டை முடியும்வரை கப்பலும் இல்லை, ஊர்க் கடிதாசியும் இல்லை.

அப்படிப்பட்ட ஆண்கள் என்ன செய்வார்கள்? குடிப்பார்கள், பேசுவார்கள். சிங்காரம் பதினெட்டு வயதில், 1938இல், சுமத்ராவில் இருக்கிற மேடானுக்கு வேலைக்குப் போனவர். அந்தப் பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்தவர். புயலிலே ஒரு தோணியில் ஒருவன் ஆரம்பித்த வாக்கியத்தை இன்னொருவன் முடிப்பான். நடுவில் பட்டினத்தார் வருவார், மதுரைத் தெருக்கள் வரும், தமிழ்ப் பெருமை பேசுகிறவனுக்கு நல்ல குத்தும் விழும். "யார் பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை" என்கிறீர்கள். பிடிக்க வேண்டாம். சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழும்போது பெயர் கேட்டுக்கொண்டா இருக்கிறோம்? கதாநாயகன் பாண்டியனின் குரல் மட்டும் கொஞ்ச நேரத்தில் தனியாகத் தெரிந்துவிடும். அது போதும். மேடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்கிற சரக்குத் தோணியில் வரும்போது கடலில் புயல் பிடிக்குமே, அந்தப் பகுதியை மட்டும் முதலில் படித்தாலும் நான் குற்றம் சொல்லமாட்டேன்.

ஆனால் நீங்கள் தொடங்க வேண்டியது அதுவல்ல. அவருடைய முதல் நாவல் கடலுக்கு அப்பால், 1959இல் வந்தது. புயலிலே ஒரு தோணி 1972இல்தான் வந்தது. அவர் எழுதிய நாவல்கள் இந்த இரண்டே. தோணியைக் கொண்டாடுகிறவர்கள் முதலாவதைச் சின்னப் புத்தகம் என்று ஓரம் கட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் உங்களுக்கு வேண்டிய வீடு இருக்கிறது. பினாங்கில் வட்டிக்கடை, கடை முதலாளிக்கு மரகதம் என்று ஒரு மகள். அடுத்தாளாக இருந்த செல்லையா போர்க்காலத்தில் நேதாஜியின் படைக்குப் போய்த் திரும்புகிறான். துப்பாக்கி பிடித்த கை பெட்டியடிக்கு ஆகாது என்பது முதலாளியின் கணக்கு. அவர் கெட்டவரும் இல்லை, அதுதான் சிக்கல். அவர் பக்க நியாயத்தைச் சிங்காரம் அவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறார்.

நம் நாவல்களைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. தோட்டக் கதை எழுதியவர்களில் பலர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தோடு நின்றுவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குள் போய் அடுப்படியில் யார் என்ன முனகினார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. நம்மைப் பற்றியது என்பதற்காக ஒரு நாவலைப் படித்தே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். மொய் எழுதுவது போல நாவல் படிக்க முடியாது.

மீதிப் பாதிக்கு இரண்டு புத்தகம் சொல்கிறேன். அ. ரெங்கசாமியின் நினைவுச் சின்னம், போர்க்காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் ஆட்களைப் பற்றியது. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. எத்தனையோ தோட்டங்களில் போன ஆண்கள் திரும்பவில்லை. கங்காணி அதிலும் உண்டு, ஆனால் நீங்கள் சலித்துப்போன கங்காணி இல்லை. இன்னொன்று ரெ. கார்த்திகேசுவின் அந்திம காலம். நம் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2016இல் காலமானார். ரப்பர் மரம் கண்ணில் படாத நாவல். நகரத்து வீடு, புற்றுநோய் வந்த ஒரு பெரியவர், அவரைச் சுற்றிக் குடும்பம். உங்களுக்கு இதுதான் முதலில் ஒட்டும் என்பது என் ஊகம்.

கடலுக்கு அப்பால் படித்தால் எழுதுங்கள். பிடித்ததா இல்லையா என்பதைவிட, மரகதத்தின் அம்மாவைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. சிங்காரத்தைப் பற்றிப் பேசுகிற ஆண்கள் யாரும் அந்த அம்மாவைப் பற்றி வாய் திறப்பதில்லை.