முழங்கால் தேய்மானத்துக்கு பிசியோதெரபிக்குப் பதிலாகத் தாய் சி என்னும் நிதானமான சீன உடற்பயிற்சியைப் பழகலாமா?

பழகலாம், ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு அதனால் திரும்ப வளரும் என்று எண்ணிக்கொண்டு தொடங்காதீர்கள். இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உள்ள நான், சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்றாண்டுகளாகக் காலைதோறும் தாய் சி பழகிவருகிறேன்.

நீங்கள் கேட்டிருக்கும் இதே கேள்வியை பாஸ்டனில் உள்ள டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தினர் 204 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்து, முடிவுகளை 2016-இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினர் வாரம் இருமுறை வீதம் 12 வாரங்கள் தாய் சி பழகினர். மற்றவர்கள் 6 வாரங்கள் பிசியோதெரபிக்குச் சென்றுவிட்டு, அடுத்த 6 வாரங்கள் வீட்டிலேயே பயிற்சியைத் தொடர்ந்தனர். வலியை 0 முதல் 500 வரை மதிப்பிடும் அளவுகோலில் முதல் பிரிவினருக்குச் சராசரியாக 167 புள்ளிகளும் அடுத்த பிரிவினருக்கு 143 புள்ளிகளும் குறைந்தன. புள்ளியியல் கணக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. எனவே தாய் சியே உயர்ந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்ப வேண்டியதில்லை. மனச்சோர்வு குறைந்ததிலும் உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் கூடியதிலும் தாய் சி முந்தியிருந்தது. பத்துப் பேரோடு சேர்ந்து செய்வதும் மனச்சோர்வு குறைய ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

எனக்கு முதல் மாதம் நன்றாக அமையவில்லை. பக்கத்தில் நின்ற எழுபது வயதுச் சீன மூதாட்டி முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பதைப் பார்த்து நானும் தாழ்ந்தேன். அன்றிரவே வலது முழங்கால் வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்து மீண்டும் போனபோது, ஆசிரியர் என் அருகில் குந்தி அமர்ந்து, முழங்கால் சில்லு பாதம் பார்க்கும் திசையை விட்டு உள்நோக்கிச் சாய்வதை விரலால் தொட்டுக் காட்டினார். உடல் எடை முழுவதும் வலக்காலில் இருக்கும்போதே நான் திரும்பியதால், பதிந்த பாதத்துக்கும் திரும்பும் இடுப்புக்கும் நடுவே முழங்கால் முறுக்குப்பட்டிருக்கிறது. எடையை இடக்காலுக்கு மாற்றி, வலக்கால் ‘காலி’யான பிறகே குதிகாலை ஊன்றிப் பாதத்தைத் திருப்ப வேண்டும் என்றார். இந்த நிதானமான எடைமாற்றத்தில்தான் தொடையின் முன்பக்கத் தசைகளுக்கு வேலை இருக்கிறது; அவை வலுப்பெற்றால் மூட்டின் சுமை குறையும். படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றும் பழக்கம் ஐந்தாம் மாதத்தில் என்னை விட்டது.

எல்லாப் பாணிகளிலும் தாழ்ந்து நிற்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் பால் லாம் 1997-இல் மூட்டுவாதக்காரர்களுக்காக வகுத்த முறை, நிமிர்ந்து நின்று செய்யும் சுன் பாணியைத் தழுவியது. மருத்துவரிடம் முழங்காலைக் காட்டிவிட்டு வகுப்புத் தேடுங்கள். உயரமாக நின்றே செய்ய அனுமதிப்பாரா என்று ஆசிரியரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.