ஆஸ்பத்திரிக்குப் போன தீர்மானப் புத்தகம்

கேள்வி: திருநெல்வேலி ஜில்லாவில் முக்கூடல் பக்கத்தில் எங்கள் கிராமம். பதினான்கு பேர் உள்ள மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஒன்பது வருடமாக நான்தான் ஊக்குநர், அதாவது குழுவை நடத்துகிறவள். எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள். கூட்டம் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நடக்கும். என் கணவரின் அக்காவும், அதாவது என் மதினியும், குழுவில் இருக்கிறார். கணவர் இறந்த பிறகு மகனோடு பிறந்த ஊருக்கே வந்துவிட்டார், எங்கள் தெருதான். வங்கிக் கடனில் கார்த்திகை, மார்கழி இரண்டு தவணையும் அவர் கட்டவில்லை. இரண்டு தவணை தவறினால் அடுத்த சுற்றுக் கடன் கிடையாது என்று ஐப்பசியில் தீர்மானம் எழுதியிருக்கிறோம். அதில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. அந்தச் சமயம் மகனுக்கு டெங்கு என்று பதினொரு நாள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் இருந்தார். வருகை குறையக் கூடாதே என்று என் மகளை பஸ்ஸில் அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். தை மாதக் கூட்டத்தில் பாக்கிப் பட்டியலை வாசித்தபோது, "நான் எப்போது இதற்கு ஒப்புக்கொண்டேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் வருவதில்லை. கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. வெளியே போய் எல்லாம் பேசுகிறார்கள். முகத்துக்கு நேராகப் பேசவைக்க என்ன வழி? அவர்களை நீக்கிவிட்டு வேறு ஆட்களைச் சேர்க்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: நீக்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த பஸ் பயணத்தைப் பேசுவோம். நீங்கள் அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை.

முக்கூடலில் பஸ் ஏறி, ஜங்ஷனில் இறங்கி, வேறு பஸ் மாறி ஹைகிரவுண்டு போயிருக்கிறாள் உங்கள் மகள். கையில் என்ன கொடுத்தனுப்பினீர்கள்? ஒரு தூக்குவாளியில் கஞ்சி உண்டா? அத்தை மாற்றிக்கொள்ள ஒரு சேலை? செலவுக்கு இருக்கட்டும் என்று இருநூறு ரூபாய்? இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். வருகைக் கணக்கை அவ்வளவு விவரமாக எழுதியவருக்குக் கஞ்சி மறந்திருக்காது. நான்கு பக்கக் கடிதத்தில் அந்தப் பையனுக்குக் குணமாகிவிட்டதா என்று ஒரு வரி கிடையாது. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

மதினி எதற்குக் கையெழுத்துப் போட்டார் என்று நினைக்கிறீர்கள்? மகன் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. தட்டணு எண்ணிக்கை இன்று ஏறியதா இறங்கியதா என்று நர்ஸ் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தம்பி மகள் வந்து புத்தகத்தை நீட்டுகிறாள். பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்று போட்டுக் கொடுத்திருப்பார். அது தம்பி மகளை நம்பிப் போட்ட கையெழுத்து. அதைத்தான் தை மாதம் பதின்மூன்று பேர் நடுவில் அவருக்கு எதிராகவே வாசித்தீர்கள். அவர் கேட்ட கேள்வியில் என்ன தப்பு?

தவணை ஏன் நின்றது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பதினொரு நாள் பீடி சுற்றும் சுளகைத் (முறத்தை) தொடாதவருக்கு அந்தப் பதினொரு நாளும் கூலி கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளையைத் தேற்றவேண்டும். உட்கார்ந்த மாதிரி ஆயிரம் பீடி சுற்றிவிட முடியுமா? இது பீடி சுற்றும் உங்களுக்குத் தெரியாதா? உங்கள் கணவர் எங்கே போயிருந்தார் என்றும் கேட்கிறேன். அக்காள் தாலி இழந்து தம்பி இருக்கும் தெருவை நம்பி வந்திருக்கிறாள். அவளுக்குத் தம்பி வீட்டு நடைதான் பிறந்த வீடு. அக்காளின் ஒரு தவணையைத் தம்பி கட்டியிருந்தால் குடி முழுகிப் போயிருக்காது. பழைய காலத்து ஆள் பேசுகிறாள் என்று தோன்றினால் தோன்றட்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் மாறுவதாக இல்லை.

நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதும் புரியாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் இந்தக் குழுக்கள் தொடங்கின. 1992-இல் கிராம வளர்ச்சிக்கான நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், குழுவின் ஒற்றுமையே ஜாமீன் என்றார்கள். ஒற்றுமையை எப்படி அளப்பது? கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, எத்தனை பேர் வருகிறார்கள், புத்தகம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் கடனுக்குத் தரம் போடுகிறார்கள். புத்தகம் நன்றாக இருந்தால் கடன் வரும் என்று ஆனதும், புத்தகத்தை நன்றாக வைத்துக்கொள்ளும் திறமை எல்லா ஊக்குநருக்கும் வந்துவிட்டது. வராதவர் பெயருக்கு நேரே கையெழுத்து வாங்கும் வீடுகள் நம் ஜில்லாவில் உங்கள் வீடு மட்டும் இல்லை. இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு மாதத்துக்கு ஒன்றாவது வருகின்றன. ஆனால் ஆஸ்பத்திரிவரை புத்தகத்தை அனுப்பியவர் நீங்கள் ஒருவர்தான்.

இனி உங்கள் கேள்வி. கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் வெளியே போய்ப் பேசுகிறார்கள் என்கிறீர்கள். வெளியே என்றால் எங்கே? சாயங்காலம் நாலைந்து பேர் ஒரு திண்ணையில் சுளகை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டும் தூள் வைத்துச் சுருட்டிக்கொண்டும் இருக்கும்போதுதானே? அங்கே கண் பீடியில் இருக்கும், வாய் தன் பாட்டுக்குப் பேசும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மருமகள் கொடுமையிலிருந்து பீடிக்கடையில் எவ்வளவு கழித்தார்கள் என்பதுவரை எல்லாம் வந்துவிடும். உங்கள் குழுவின் உண்மையான கூட்டம் அங்கேதான் நடக்கிறது. நீங்கள் கூட்டுவது கையெழுத்து வாங்குவதற்கு.

அதுவும் உங்கள் முற்றத்தில்! உங்கள் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு, உங்கள் கணவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒன்பது வருடமாகப் பதவியில் இருக்கிற உங்களைப் பார்த்து "இந்தத் தீர்மானம் சரியில்லை" என்று எந்தப் பெண் சொல்லுவாள்? நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டிருப்பீர்கள். தலை ஆடியிருக்கும். நம் பக்கத்து ஆட்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம் இல்லை, அம்மா. பல சமயம் அது கோபம். முறிந்துபோன உறவைக்கூட நாம் "பேச்சுவார்த்தை இல்லை" என்றுதானே சொல்கிறோம்?

என் தாயார் ஊரில் கோயில் கொடைக்கு வரி பேச ஊர்க்கூட்டம் போடுவார்கள். பெரியவர் ஒருவர் முதலில் கேட்பது, "யார் வரவில்லை?" என்றுதான். ஒரு தலைக்கட்டு வரவில்லை என்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். துஷ்டி (சாவு) வீடு என்றாலோ நோய் என்றாலோ கூட்டம் அடுத்த வாரத்துக்குப் போகும். சாமி காரியத்துக்கே ஒரு வாரம் பொறுத்தார்கள். உங்கள் தீர்மானத்துக்கு என்ன அவசரம்?

மதினியையும் நான் முழுக்க விட்டுவிடவில்லை. கேள்வியைக் கேட்டவர் பதிலுக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். பாக்கி பாக்கிதான், அதைக் கட்டத்தான் வேண்டும், ஒருவர் நின்றால் பதினான்கு பேருக்கும் அடுத்த கடன் சிக்கலாகும். பட்டியலை வாசித்ததிலும் தப்பில்லை, அது உங்கள் வேலை. முந்தின நாள் நாலு வீடு தாண்டிப் போய், "மதினி, நாளைக்கு உங்கள் பெயரும் வருகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்காததுதான் தப்பு.

யாரையும் நீக்காதீர்கள். ஐப்பசித் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். ஆறு பேர் வீட்டுக்கும் நீங்களே போய், அந்தக் கையெழுத்து வாங்கிய விதம் தவறு என்று சொல்லிக் கூப்பிடுங்கள். அடுத்த கூட்டம் கோயில் மண்டபத்திலோ பால்வாடியிலோ நடக்கட்டும். பாக்கியை எத்தனை மாதத்தில் கட்ட முடியும் என்று மதினி சொல்லட்டும். அதன் பிறகு மற்றவர்கள் பேசட்டும். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். பேசி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்தால் போதும். வருகை ஒன்பது என்றால் ஒன்பது என்று எழுதுங்கள், தரம் குறைந்தால் குறையட்டும். பதவியையும் இந்த வருடம் வேறொருவரிடம் கொடுங்கள். ஒன்பது வருடம் போதும்.

அதற்கெல்லாம் முன்னால் மதினி வீட்டுக்குப் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்குப் புத்தகம் வேண்டாம். மகளை அனுப்பிப் பார்க்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள். அவளுக்குப் படிக்கிற வேலை இருக்கும்.