குறைந்த செலவில் மாணவருக்கு மேசைக் கணினி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். அறையில் வைத்தே பயன்படுத்தப் போவதால் மேசைக் கணினி போதும் என்கிறாள். எங்களால் அதிகம் செலவழிக்க இயலாது. பழைய கணினி விற்கும் ஒருவர், ‘ஐ7’ ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றைக் கிராபிக்ஸ் கார்டுடன் மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: ஸ்டிக்கரை நம்பி வாங்காதீர்கள். ஐ7 என்பது இன்டெல் நிறுவனத்தின் செயலி (கணினியின் மூளை) எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதை மட்டுமே சொல்கிறது; அது எந்தக் காலத்தது என்பதைப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. 12400 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டாம் தலைமுறை என்று படிக்க வேண்டும். பெயரளவில் கீழ்ப்படியில் நிற்கும் ஐ3-8100, அந்த 2011-ஆம் ஆண்டு ஐ7-ஐ முந்திவிடும். விற்பவர் முழு எண்ணைச் சொல்லத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

தலைமுறையைப் பார்க்கச் சொல்வதற்கு வேகத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ வேண்டுமானால், இன்டெல் செயலி ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் செயலி என்றால் மைக்ரோசாப்ட் வெளியிட்டுள்ள பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2000 வரிசையிலேயே சில விடுபட்டிருக்கின்றன. விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸில் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்றாலும், துறையில் பயன்படுத்தும் மென்பொருள் எல்லாம் அதில் இயங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

திரைக் காட்சிகளுக்கான தனிக் கருவியான கிராபிக்ஸ் கார்டு உங்கள் மகளுக்குத் தேவைப்படாது. புள்ளியியலில் பெரிதும் பயன்படும் ‘ஆர்’ மொழி, கையாளும் தரவு முழுவதையும் பொதுவாக ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டுதான் வேலை செய்யும். ஆகவே கார்டுக்குப் போகும் பணத்தை ரேமுக்குத் திருப்புங்கள். 16 ஜிபி இருந்தால் படிப்பு முடியும்வரை கவலையில்லை. இப்போது 8 ஜிபிதான் முடியும் என்றால், பின்னால் இன்னொன்றைச் செருகக் காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதிக்குப் போனால், மொத்தம் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று கீழே எழுதியிருக்கும். பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை.

ரேமுக்கும் முன்பாகக் கவனிக்க வேண்டியது, கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி. சுழலும் ஹார்ட் டிஸ்க், வட்டின் மேல் ஊசியை நகர்த்தி ஒரு சிறு கோப்பைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது; நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதை 0.1 மில்லி விநாடிக்குள் முடித்துவிடுகிறது. கணினி தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான கோப்புகள் படிக்கப்படுவதால், நல்ல செயலி இருந்தும் ஹார்ட் டிஸ்க்கினால் மட்டுமே தவழும் கணினிகள் ஏராளம். 512 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். கணினியுடன் இணையும் முறை சாட்டா வகையா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்று விற்பவர் நீட்டி முழக்கக்கூடும். அன்றாடப் படிப்பு வேலையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அரிது.

கேள்வி: அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளை வாங்குவது புத்திசாலித்தனமா? எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: என் கணிப்பில், குறைந்த செலவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஆனால் மெலிந்த பெட்டியில் வருபவற்றில் பாதி உயரக் கார்டு மட்டுமே பொருந்தும். பவர் சப்ளையும் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும், பழுதானால் பொதுச் சந்தைச் சரக்கைப் பொருத்த முடியாது. பணம் கொடுப்பதற்கு முன், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். கணினி தொடங்கும்போது அழுத்த வேண்டிய விசை: டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பழைய நிறுவனம் வைத்த கடவுச்சொல்லைக் கேட்டால் வாங்காதீர்கள். வைஃபை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல அலுவலகக் கணினிகளில் அது இருப்பதில்லை, சிறிய யுஎஸ்பி அடாப்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டியிருக்கும். வெப்கேமும் மைக்கும் அப்படியே.

கேள்வி: மானிட்டரையும் பழையதாக வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். 24 அங்குலம், 1920×1080, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை என்று தேடுங்கள். திரையை முழு வெள்ளையாக வைத்துக் கறைகளையும், முழுக் கறுப்பாக வைத்து ஓரங்களில் ஒளி கசிகிறதா என்பதையும் பாருங்கள். விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டுமே உள்ளதைத் தவிர்ப்பது நல்லது; அதில் எழுத்துகள் சற்று மங்கலாகத் தெரியக்கூடும். மணிக்கணக்கில் எழுத்துகளைப் படிப்பவருக்கு அந்த மங்கல் தொல்லை தரும்.

கேள்வி: அப்படியானால் கிராபிக்ஸ் கார்டு யாருக்குத்தான் வேண்டும்?

பதில்: முப்பரிமாண வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு, இயந்திரக் கற்றல் ஆகியவற்றில் இறங்குவோருக்கு. என்விடியா நிறுவனத்தின் ‘கூடா’ (CUDA) தொழில்நுட்பத்தின் அடிப்படையிலான மென்பொருள் என்றால் என்விடியா கார்டுதான் வேண்டும். புதிதாக இன்டெல் செயலி வாங்குவோர் எண்ணின் இறுதியில் ‘எஃப்’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

கேள்வி: யுபிஎஸ் அவசியமா?

பதில்: மேசைக் கணினியில் பேட்டரி கிடையாது, மின்சாரம் போன நொடியே சேமிக்காத வேலையும் போய்விடும். மின்தடை வழக்கமான இடம் என்றால் சிறிய யுபிஎஸ் ஒன்று போதும். கோப்பைச் சேமித்து, கணினியை முறைப்படி அணைப்பதற்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் இணைக்காதீர்கள். சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.